ஆடாதோடைப் பொடியில் ஆல்கலாய்டு எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அளப்பது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கும் உங்கள் அத்தை வீட்டுக்குப் பின்னால் ஆடாதோடை வளர்க்கிறார், இலையைக் காயவைத்து இடித்துப் பொடியாக்கிப் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கிறார். நீங்கள் கல்லூரியில் வேதியியல் படிக்கிறீர்கள். அந்தப் பொடியின் சாற்றில் மேயர் கரைசலை விட்டபோது பால் வெள்ளையாக வீழ்படிவு வந்தது, டிராகன்டார்ஃப் கரைசலை விட்டபோது ஆரஞ்சாக வந்தது. இதை வைத்துப் பாக்கெட்டில் "ஆல்கலாய்டு நிறைந்தது" என்று போடலாமா, எவ்வளவு இருக்கிறது என்று அளக்க புரோமோகிரசால் பச்சை என்ற சாயத்தை வைத்துச் செய்யும் முறை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். (ஆல்கலாய்டு என்பது செடிகள் உண்டாக்கும், நைட்ரஜன் உள்ள, பெரும்பாலும் காரத்தன்மை கொண்ட பொருள்.)

போட வேண்டாம். அந்த முறையும் போதாது. ஏன் என்று சொல்ல இடம் வேண்டும், அதனால்தான் பதில் நீளம்.

முதலில் அந்த நிறச் சோதனைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். மேயர் கரைசல் பாதரச அயோடைடும் பொட்டாசியம் அயோடைடும் சேர்ந்தது, டிராகன்டார்ஃபில் பாதரசத்துக்குப் பதில் பிஸ்மத், வாக்னரில் வெறும் அயோடினும் பொட்டாசியம் அயோடைடும், ஹேகரில் பிக்ரிக் அமிலம். அமிலக் கரைசலில் ஆல்கலாய்டின் நைட்ரஜன் ஒரு புரோட்டானை ஏற்று நேர்மின்னேற்றத்தோடு நிற்கும். அதோடு அந்தக் கனமான எதிரயனி ஜோடி சேர்ந்ததும் நீரில் கரையாமல் கீழே விழுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் நேர்மின்னேற்றத்தோடு நிற்பது ஆல்கலாய்டு மட்டும் இல்லையே. புரதம் விழும், கோலின் மாதிரியான எளிய நைட்ரஜன் பொருள்கள் விழும், நைட்ரஜனே இல்லாத சில கூமரின்கள்கூட டிராகன்டார்ஃபில் ஆரஞ்சு காட்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: காஃபீன் ஆல்கலாய்டு வகையில்தான் சேர்க்கப்படுகிறது, ஆனால் மேயரில் விழாது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைபரின் ஒரு அமைடு, காரத்தன்மையே கிட்டத்தட்ட இல்லை, அதனால் சரவாக் மிளகை இந்த வழியில் சோதித்து "ஆல்கலாய்டு குறைவு" என்று எழுதினால் அது மிளகின் குறை இல்லை, சோதனையின் குறை. ஆக, உங்கள் குழாயில் வந்த வெள்ளையும் ஆரஞ்சும் "இங்கே ஏதோ இருக்கலாம், மேலே பார்" என்று சொல்கின்றன. எவ்வளவு என்பதைப் பற்றி அவை வாயே திறக்கவில்லை. கலங்கல் அதிகமாக வந்தால் "+++" என்று போடுகிறார்களே, அதை அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தச் சோதனையையே நம்பகமாக்க ஒரு வழி இருக்கிறது, பலர் சோம்பலில் அதை விட்டுவிடுகிறார்கள். பொடியை முதலில் ஹெக்சேனில் ஊறவைத்துக் கொழுப்பையும் பச்சையத்தில் ஒரு பகுதியையும் நீக்குங்கள். அப்புறம் பொடியை நீர்த்த அம்மோனியாவால் பிசறி ஈரமாக்குங்கள். இலையில் ஆல்கலாய்டு பெரும்பாலும் கரிம அமிலங்களோடு உப்பாகவோ டானினோடு ஒட்டிக்கொண்டோ இருக்கும், அம்மோனியா அதை விடுவித்துத் தனிக் காரமாக்கும். இப்போது குளோரோபார்மில் ஊறவைத்து வடிகட்டினால் காரம் அதில் வந்துவிடும். அந்தக் குளோரோபார்மைப் பிரிபுனலில் ஊற்றி நீர்த்த கந்தக அமிலத்தோடு குலுக்குங்கள்: ஆல்கலாய்டு மறுபடி உப்பாகி மேலே உள்ள நீர்ப் படலத்துக்குப் போகும், மெழுகும் பச்சை நிறமும் கீழே குளோரோபார்மிலேயே தங்கும். நீர்ப் படலத்தை எடுத்து, அம்மோனியா விட்டு பி.எச். 9, 10க்குக் கொண்டுவந்து, புதிய குளோரோபார்மில் திரும்ப இழுங்கள். ஓங்கிக் குலுக்கினால் நடுவில் நுரை மாதிரி ஒரு படலம் கட்டி மணிக்கணக்கில் பிரியாது. புனலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக உருட்டுங்கள், கட்டிவிட்டால் கொஞ்சம் உப்பைப் போட்டுக் காத்திருங்கள். கடைசியில் கிடைக்கும் எச்சத்தை நீர்த்த அமிலத்தில் கரைத்து, கடிகாரக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, அடியில் கருப்புத் தாள் வைத்து மேயரை விடுங்கள். விளிம்பிலிருந்து வெண்மை நூல்நூலாக உள்ளே பரவுவது நன்றாகத் தெரியும். இந்தப் பாதையில் புரதத்தால் கூடவே வர முடியாது. இப்போது வந்த வெண்மைக்கு மதிப்பு இருக்கிறது.

இந்த அமில-கார விளையாட்டுக்கு ஒரு கொலை வழக்கு பின்னணி உண்டு. 1850இல் பெல்ஜியத்தில் பொகார்மே என்ற பிரபு தன் மைத்துனரை நிகோட்டினால் கொன்றார். செடியிலிருந்து வந்த நஞ்சை உடலின் உறுப்புகளிலிருந்து பிரித்துக் காட்ட அதுவரை நல்ல வழி இல்லை. ழான் ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் திசுக்களை அமிலம் கலந்த சாராயத்தில் ஊறவைத்து, காரமாக்கி, ஈதரில் இழுத்து நிகோட்டினைக் கையில் எடுத்துக் காட்டினார். பொகார்மேக்கு 1851இல் மரணதண்டனை. பிறகு ஓட்டோ என்பவர் அதைச் செம்மைப்படுத்தினார், இன்றும் ஸ்டாஸ்-ஓட்டோ முறை என்றுதான் பெயர். நீங்கள் பிரிபுனலில் குலுக்குவது அதன் நேரடி வாரிசு.

ஆனால் இந்தப் பாதையிலும் சில கூட்டம் தப்பிவிடும், இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் நான்கு பிணைப்புள்ள நைட்ரஜன் கொண்டது, எவ்வளவு காரமாக்கினாலும் அதன் மின்னேற்றம் போகாது, நீரைவிட்டுக் குளோரோபார்முக்கு ஒழுங்காக வராது. இன்னும் கவலைக்குரியது பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள். நம் ஊர் வெட்டவெளியில், செம்பனைக்கு நடுவே பாதையோரம் முளைத்துக் கிடக்கும் தேள்கொடுக்கில் அவை இருக்கின்றன, கல்லீரலைக் கெடுப்பவை. செடியில் அவற்றில் ஒரு பங்கு என்-ஆக்சைடு வடிவில் இருக்கும், அது நீரில் நன்றாகக் கரையும், குளோரோபார்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. துத்தநாகத் தூள் போட்டு ஒடுக்கினால்தான் சாதாரண வடிவுக்கு வரும், அல்லது மின்னேற்றமுள்ள பொருளைப் பிடித்துவைக்கும் துகள் நிரப்பிய குழாயில் (அயனிப் பரிமாற்றப் பொதி) பிடித்து, மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறைமாலைமானியில் நேரடியாகப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் "நச்சு ஆல்கலாய்டு இல்லை" என்று சான்று கொடுப்பது ஆபத்து. ஆல்கலாய்டு என்றாலே நல்லது என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னின், ஊமத்தையில் அட்ரோபினும் ஸ்கோபோலமினும், இவையும் "ஆல்கலாய்டு நிறைந்தவை"தான்.

ஆய்வகத்துக்குப் போகும் முன்னே இலை ஒழுங்காக இருக்க வேண்டும். ஆடாதோடையின் முக்கிய ஆல்கலாய்டு வாசிசின். அது காற்றுப் பட்டு மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து வாசிசினோன் ஆகும், சூட்டிலும் வெளிச்சத்திலும் இன்னும் வேகமாக. நம் ஊரில் பிற்பகல் மழை பெய்தால் இலை இரண்டு மூன்று நாள் ஈரத்திலேயே கிடக்கும், பூஞ்சணம் பிடிக்கும். அதற்குப் பயந்து சிலர் பழைய ரப்பர் புகைக்கொட்டகையில் தொங்கவிடுகிறார்கள், அது கூடவே கூடாது, புகையின் பொருள்கள் எல்லாம் இலையில் ஏறிவிடும். நிழலில் மின்விசிறிக் காற்று, அல்லது 40 பாகை அளவில் உலர்த்தி. காய்ந்தபின் காற்றுப் புகாத நிறக்கண்ணாடிப் புட்டி. ஒரே செடியில் இளந்தளிருக்கும் முதிர்ந்த இலைக்கும் அளவு வேறு, பூக்கும் காலத்துக்கும் மற்ற காலத்துக்கும் வேறு, அதனால் ஒரு கிளையைப் பறித்து வந்து அளந்து "எங்கள் பொடி இப்படி" என்று சொல்ல முடியாது. அத்தை அரைத்துக் கலந்த ஒரு முழுச் சரக்கிலிருந்து பல இடங்களில் அள்ளிக் கலந்து எடுங்கள்.

அது ஆடாதோடைதானா என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். உங்கள் அத்தை தன் கையால் நட்டது, சந்தேகம் இல்லை. வெளியே வாங்கும் பொடியில் பெருமரத்து இலையைக் கலப்பது பழைய வழக்கம். நுண்ணோக்கியில் ஆடாதோடையின் இலைத்துளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு துணைச் செல்கள் குறுக்காக நிற்கும், உள்ளே சுண்ணாம்புப் படிகக் கட்டிகள் தெரியும். பொடியில்கூட இதைக் கண்டுபிடித்துவிடலாம், செலவும் இல்லை.

அடுத்து மென்படலப் பிரிகை, டி.எல்.சி. என்று சொல்வோமே அது. சிலிக்காத் தகட்டில் உங்கள் சாறு ஒரு புள்ளி, பக்கத்தில் வாங்கிய தூய வாசிசின் ஒரு புள்ளி, எதைல் அசிட்டேட், மெத்தனால் கலவையில் ஏற விடுங்கள். அதில் சில சொட்டு அம்மோனியா கட்டாயம், இல்லையென்றால் சிலிக்காவின் அமிலத்தன்மை ஆல்கலாய்டைப் பிடித்து இழுக்கும், புள்ளி வட்டமாக நிற்காமல் வால் நீண்டு போகும். காய்ந்ததும் 254, 366 நானோமீட்டர் புறஊதா வெளிச்சத்தில் பார்த்துப் பென்சிலால் குறியிட்டு, அப்புறம்தான் டிராகன்டார்ஃபைத் தெளிக்க வேண்டும். குழாயில் குழப்பிய அதே கரைசல் இங்கே எவ்வளவு உபயோகமாகிறது பாருங்கள்: எந்தப் புள்ளி ஆரஞ்சாகிறது, அது தூய வாசிசினின் உயரத்தில் இருக்கிறதா, வேறு எத்தனை ஆரஞ்சுப் புள்ளிகள், எல்லாம் ஒரே தகட்டில் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் கல்லூரி மாணவர் தன் ஆய்வில் செய்யக்கூடிய வேலைகளில் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

இப்போது புரோமோகிரசால் பச்சை. பி.எச். 4.7 அளவில் அந்தச் சாயமும் ஆல்கலாய்டும் ஜோடி சேர்ந்து மஞ்சளாகக் குளோரோபார்முக்குள் இறங்கும், 470 நானோமீட்டரில் அதன் அடர்வைப் படித்து, அட்ரோபினை வைத்துப் போட்ட அளவீட்டுக் கோட்டோடு ஒப்பிட்டு "மொத்த ஆல்கலாய்டு" என்று எழுதுவார்கள். சுலபம், மலிவு, ஒரு நாளில் நிறைய மாதிரி பார்க்கலாம். தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு இதன் தராதரம் உடனே புரியும்: ரப்பர்ப் பாலில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் படிப்பது மாதிரி இது. மெட்ரோலாக் பார்ப்பது பாலின் அடர்த்தியை மட்டும், ரப்பரை இல்லை. அடர்த்தியை மாற்றும் எதுவும் அதை ஏமாற்றும். சரியான கணக்கு வேண்டும் என்றால் கொஞ்சம் பாலை எடுத்து அமிலம் விட்டு உறையவைத்து, தகடாக்கி, காயவைத்து எடை போட வேண்டும்.

சாய முறையில் எங்கே தவறு வரும் என்று ஒரு கணக்கு பாருங்கள். அட்ரோபினின் மூலக்கூறு எடை 289, வாசிசினுடையது 188. இரண்டும் சாயத்தோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்வதாகவே வைத்துக்கொண்டாலும், கருவி "100 மில்லிகிராம் அட்ரோபினுக்குச் சமம்" என்று சொல்லும் இடத்தில் வாசிசின் 65 மில்லிகிராம்தான் இருக்கும். அட்டவணையில் "அட்ரோபினுக்குச் சமமாக" என்ற சொல்லை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துப் போடுகிறவர்கள் ஏராளம், அதிலேயே உண்மையான அளவு ஒன்றரை மடங்காக ஊதிவிடுகிறது. மேலும் வாசிசினோனின் காரத்தன்மை குறைவு, அது வாசிசின் அளவுக்குச் சாயத்தோடு சேராது, அதனால் பழசான பொடியும் புதிய பொடியும் ஒரே கோட்டில் ஒப்பிடத் தகுதியானவை இல்லை. பத்துச் செடியில் எது தேவலாம் என்று சல்லடை போட இந்த முறை சரி. லேபிளில் போட இல்லை.

லேபிளுக்கு வேண்டியது எச்.பி.எல்.சி., அதாவது சாற்றை உயர் அழுத்தத்தில் துகள் நிரப்பிய பொதி வழியே செலுத்தி, ஒவ்வொரு பொருளையும் தனித்தனி நேரத்தில் வெளிவரச் செய்து, வரைபடத்தில் ஒரு சிகரமாகக் காட்டும் முறை. அதிலும் ஆல்கலாய்டுக்கு என்று தனித் தொல்லை உண்டு. வழக்கமான சி-18 பொதியில் சிலிக்காத் துகளின் மேல் மூடப்படாமல் மிச்சம் இருக்கும் சிலனால் இடங்கள் காரங்களைப் பிடித்துக்கொள்ளும், சிகரம் செங்குத்தாக விழாமல் வலப்பக்கம் சரிந்து நீளும், அப்படிச் சரிந்தால் பரப்பளவைக் கருவி எங்கே வெட்டுகிறதோ அதுதான் உங்கள் முடிவு. கரைப்பானில் சிறிது ட்ரைஎதைல்அமீன் சேர்ப்பார்கள், அல்லது முனை மூடிய பொதியை வாங்குவார்கள், பி.எச்.சைத் தாங்கல் கரைசலால் இறுக்கிப் பிடிப்பார்கள். வாசிசின் நீர்நாட்டம் உள்ள சிறு மூலக்கூறு, சீக்கிரமே வெளியே வந்துவிடும், மற்ற குப்பைகளும் அங்கேதான் வரும். அதனால் அசிட்டோநைட்ரைலைக் குறைவாக வைத்து நிதானமாக ஓட்டுங்கள். சிகரம் வந்த நேரம் பொருந்தியது என்பது மட்டும் சாட்சி ஆகாது, பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் பதியும் டையோடு அணி உணரி இருந்தால் சிகரத்தின் ஏற்றத்திலும் உச்சியிலும் இறக்கத்திலும் புறஊதா நிறமாலை ஒன்றாகவே இருக்கிறதா என்று பாருங்கள், மாறினால் அடியில் இன்னொரு பொருள் ஒளிந்திருக்கிறது.

கணக்கு இப்படிப் போகும். உதாரணத்துக்கு ஒரு கிராம் பொடியைச் சாறாக்கி 50 மில்லி ஆக்கினீர்கள், அதைப் பத்து மடங்கு நீர்த்துக் கருவியில் விட்டீர்கள், கோடு மில்லிக்கு 20 மைக்ரோகிராம் என்று காட்டியது. இருபதைப் பத்தாலும் ஐம்பதாலும் பெருக்கினால் 10,000 மைக்ரோகிராம், அதாவது 10 மில்லிகிராம், பொடியில் 1 விழுக்காடு. பொடியில் ஈரப்பதம் 9 விழுக்காடு என்றால் உலர் எடையில் அது 1.1 விழுக்காடு. நம் ஊர்ப் பொடிகளுக்கு இந்த ஈரத் திருத்தம் ரொம்ப முக்கியம், திறந்து வைத்த பாக்கெட் இங்கே காற்றிலிருந்தே தண்ணீரைக் குடிக்கும். ஆடாதோடை இலையில் வாசிசின் பொதுவாக அரை முதல் இரண்டு விழுக்காடு வரை இருக்கும், உங்களுக்கு ஐந்து என்று வந்தால் செடியைப் பாராட்டுவதற்கு முன் கணக்கைச் சரிபாருங்கள்.

அப்புறம் மீட்பு, அதாவது தெரிந்த அளவில் சேர்த்த பொருளில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பது. இதை விட்டுவிட்ட ஆய்வறிக்கையை நான் நம்பமாட்டேன். அதே ஒரு கிராம் பொடியில், சாறு எடுக்கும் முன்பே, 5 மில்லிகிராம் தூய வாசிசினைச் சேர்த்து முழு வேலையையும் செய்யுங்கள். முன்பு வந்த பத்தோடு சேர்த்து 15 மில்லிகிராம் வர வேண்டும். 14.2 வந்தால், சேர்த்த ஐந்தில் 4.2தான் திரும்பி வந்திருக்கிறது, மீட்பு 84 விழுக்காடு. ஒரு விழுக்காடு அளவில் இருக்கும் பொருளுக்கு அது போதாது, எங்கேயோ ஒழுகுகிறது: ஒருவேளை ஒருமுறை இழுத்ததோடு நிறுத்திவிட்டீர்கள், ஒருவேளை ஆவியாக்கும்போது சூடு அதிகம். குறைந்தது மூன்று தனித்தனி எடைகளிலிருந்து செய்து சிதறலையும் எழுதுங்கள். ஒரே சாற்றை மூன்று தடவை ஊசியில் ஏற்றினால் கருவி நிதானமாக இருக்கிறது என்பதுதான் நிரூபணமாகும்.

நிறைமாலைமானி இருக்கும் இடத்தில் வாசிசின் 189இலும் வாசிசினோன் 203இலும் தெரியும் (ஒரு புரோட்டானை ஏற்பதால் மூலக்கூறு எடையோடு ஒன்று கூடும்), இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அளக்கலாம், பொடி எவ்வளவு பழசு என்பதற்கும் அந்த விகிதம் ஒரு குறிப்பு. ஆனால் எடை தெரிந்ததும் பெயர் தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கெடா, பெர்லிஸ் பக்கம் வளரும் கெத்தும் (கிராத்தோம்) மர இலையே இதற்கு நல்ல பாடம். அதன் முக்கிய ஆல்கலாய்டான மித்ராஜினைனின் மூலக்கூறு எடை 398, ஸ்பெசியோஜினைன், ஸ்பெசியோசிலியாட்டின் இரண்டுக்கும் அதே 398, அதே அணுக்கள், வடிவம் மட்டும் வேறு. நிறைமாலைமானி தனியாக அவற்றைப் பிரிக்கத் திணறும், முன்னால் பொதி அவற்றை நேரத்தில் பிரித்துக் கொடுக்க வேண்டும். மித்ராஜினைன் நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது, ஒருவர் சிறைக்குப் போவதா இல்லையா என்பது அந்தச் சிகரத்தில் தொங்கலாம்.

வாயு நிறப்பிரிகை நிகோட்டின் மாதிரி எளிதில் ஆவியாகும் பொருளுக்கு அருமை. நித்திய கல்யாணியின் வின்கிறிஸ்டின் மாதிரிப் பெரிய மூலக்கூறு அந்தச் சூட்டில் சிதைந்துவிடும், அதற்கு ஒத்துவராது.

பாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரை, கேப்சூல், மருந்துப் பொடி என்று விற்றால் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில், என்.பி.ஆர்.ஏ. என்கிறோமே, அங்கே பதிவு வேண்டும், MAL என்று தொடங்கி T என்று முடியும் எண் கொடுப்பார்கள், கன உலோகம், நுண்ணுயிர்ச் சோதனைகளும் கேட்பார்கள். ஆஸ்துமா குணமாகும் என்று எழுதவே கூடாது, 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கும் நோய்ப் பட்டியலில் ஆஸ்துமாவும் இருக்கிறது. மாதிரியை வெளியே கொடுத்து அளக்கப் போகிறீர்கள் என்றால் சாம் (SAMM, மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமா என்று மட்டும் கேட்காமல், அந்த அங்கீகாரம் நீங்கள் கேட்கும் சோதனைக்கு இருக்கிறதா, தூய வாசிசின் வைத்துச் செய்வார்களா, மீட்பு எண்ணைத் தருவார்களா என்று கேளுங்கள்.

அத்தையிடம் இன்றைக்கே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். சளிக்கு என்று கேட்டு வாங்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு இந்தப் பொடியைக் கொடுக்கக் கூடாது. ப்ரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவானதே இந்த மூலக்கூறைப் பார்த்துத்தான், அவ்வளவு வேலை செய்யும் பொருள் இது. பாக்கெட்டில் இப்போதே எதையாவது அச்சிடுவதாக இருந்தால் "கர்ப்பிணிகள் உட்கொள்ளக் கூடாது" என்று தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

உங்கள் ஆய்வுக்கு நான் சொல்லும் வரிசை: இலையின் நுண்ணோக்கிப் படம், அமில-காரப் பிரிப்புக்குப் பின் மேயரும் டிராகன்டார்ஃபும், தூய வாசிசினோடு டி.எல்.சி., கடைசியில் வாய்ப்பிருந்தால் எச்.பி.எல்.சி.யில் வாசிசின் மட்டும், மீட்போடு. புதிதாகக் காய்ந்த பொடியையும் சில மாதம் பாசார் மாலாம் மேசையில் கிடந்த பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால் அத்தைக்கும் உபயோகம், அறிக்கைக்கும் கனம். மேயர் கரைசல் மீந்ததைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அது பாதரசம், தனிப் புட்டியில் சேர்த்துத் துறையின் கழிவுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பிக்ரிக் அமிலப் புட்டி அலமாரியில் காய்ந்து கிடந்தால் மூடியைத் திருகவே திருகாதீர்கள், வெடிக்கும், ஆய்வக உதவியாளரைக் கூப்பிடுங்கள்.